பானெட்டில் பனி இல்லை

ஜனவரி. கட்டபெட்டு.
ஏழு மணிக்கு வரச்சொன்னார்
ஆறேகாலுக்கே போய்விட்டேன்.
கேரட் தோட்டம் வெள்ளை
கோழிக்கூண்டின் தகரம் வெள்ளை
பக்கத்து வீட்டுப் பிக்கப்பின் கண்ணாடியில்
யாரோ கல்லுப்பைக் கொட்டிப் பரப்பினதுபோல்.
விற்கப்போகும் மாருதி மட்டும்
பச்சையாக, ஈரமாக
அப்போதுதான் குளித்ததுபோல் நின்றது.

கையுறையைக் கழற்றி பானெட்டில் வைத்தேன்.
அடுப்பிலிருந்து இறக்கி அரைமணி ஆன
இட்லிப்பானை மூடியின் சூடு.

ஒன்றும் கேட்கவில்லை.
போஜராஜ் குரங்குக் குல்லாவைக் காதுவரை இழுத்துக்கொண்டு
"ஒரே கை ஓட்டின வண்டி" என்றார்.
கை ஒன்று, சரி.
கால்?
கிளட்ச் பெடலின் ரப்பர்
மாசக்கடைசிச் சோப்புபோல் தேய்ந்திருந்தது.
மீட்டர் ஐம்பத்தெட்டாயிரம் என்றது.
மலைக் கிலோமீட்டர்.
சமவெளிக்காரர்கள் இரண்டால் பெருக்கிக்கொள்ளலாம்
இல்லையென்றால் நம்பாமலும் இருக்கலாம்.

கைப்பையில் ஃபிரிட்ஜ் காந்தம் ஒன்று
மாம்பழ வடிவம், யார் கொடுத்ததோ.
கைக்குட்டையில் சுற்றி
கதவு கதவாக வைத்துப் பார்த்தேன்.
ஒட்டியது.
ஒட்டியது.
இடதுபக்கம், பின்சக்கரத்துக்கு மேலே
மாம்பழம் வழுக்கிப் புல்லில் விழுந்தது.
இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.
"காட்டெருமை" என்றார் கடைசியில்.
"கேர்பெட்டா வளைவு. அது நின்னுச்சு
நான்தான் நிக்கலை."

மிதியடியைத் தூக்கினேன்.
துரு. துருவில் ஓட்டை.
ஓட்டைக்குள் ஒரு புல்நுனி
எட்டிப் பார்த்தது.
மேகம் வீட்டுக்குள் வந்து போகிற ஊரில்
இரும்பு வேறென்ன செய்யும்.
உள்ளே பூண்டுமூட்டை வாசம்
அதற்கு அடியில் நனைந்த நாய் வாசம்.

"ஓட்டிப் பாருங்க" என்று சாவியை நீட்டினார்.
"நீங்க ஓட்டுங்க, நான் உக்காந்து வரேன்."
கொஞ்சம் யோசித்தார்.
இறக்கத்தில் இறங்கினோம்.
ரோட்டைப் பார்க்கவில்லை நான்
அவருடைய வலது காலைப் பார்த்தேன்.
இரண்டாவது கியர்.
வெந்நீர் சுடுமா என்று பார்க்கிறவர் பாதம்போல்
பிரேக்குக்கு மேலே, தொடாமல் நின்றது.
வளைவுக்கு முன்னால் ஒரே ஒரு ஹாரன்.
ஏறிவந்த பஸ்ஸுக்கு ஒதுங்கி நின்றார்
டிரைவர் கை தூக்கினார்
இவரும் தூக்கினார்.
பிரேக்கை அழவைக்காதவர்
இஞ்சினையும் வைத்திருக்க மாட்டார்.
காந்தத்தில் ஒட்டாத தகவல் இது.

திரும்பி வந்ததும் கேட்டேன்
"எத்தனை மணிக்கு ஸ்டார்ட் பண்ணீங்க?"
குல்லாவைக் கழற்றினார்.
நெற்றியில் அதன் கோடு.
"நாலரைக்கு. புடிக்கலை.
அஞ்சேகாலுக்குத்தான் புடிச்சுச்சு.
பனி நாள்ல மட்டும்தாம்மா.
வெயில் வந்துட்டா ராஜா."

காட்டெருமைக்கு நாலாயிரம் குறைத்தோம்
பனிக்கு ஆறாயிரம்.
துருவுக்கு ஒரு மூட்டை உருளைக்கிழங்கு
அவரே டிக்கியில் ஏற்றினார்.

ஏழு வருஷம் ஆயிற்று.
எந்த மே மாதமும் ராஜா காலை வாரியதில்லை.
ஜனவரிகளில் பஸ்ஸில் போனேன்.
மூன்றாவது கியர் துள்ளி வெளியே வருமென்று
அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.
அடுத்த மழையில் அதுவே சொன்னது.

நேற்று கூக்கல்தொரையிலிருந்து ஒரு பையன்
போன் செய்தான், வண்டி பார்க்கணுமாம்.
"ஒரே கை ஓட்டினதா?"
"ரெண்டு."
காட்டெருமையைச் சொன்னேன்.
துருவைச் சொன்னேன், கியரைச் சொன்னேன்
இன்னொன்று சொல்ல வாயைத் திறந்தேன்
சிக்னல் போய்விட்டது.
திரும்ப நான் கூப்பிட்டிருக்கலாம்.
ஏழு மணிக்கு வா என்று
மெசேஜ் மட்டும் போட்டேன்.

இப்போது மணி நாலரை.
வாசல் புல் வெள்ளை
கொடியில் மறந்த துண்டு பலகையாக நிற்கிறது.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
சாவியைத் திருப்புகிறேன்.

புடிக்கலை.